கீ சிக்னேச்சர் எதற்கு? ஒவ்வொரு நோட்டுக்கும் ஷார்ப் போட்டுவிட்டால் போகிறது!

3 செப்டம்பர் 2022 · கேள்வி

ஸ்டாஃப் நொட்டேஷன் (ஐந்து கோட்டில் இசையை எழுதும் மேற்கத்திய முறை) படிக்கப் பழகிக்கொண்டிருக்கிறேன். கீபோர்டுதான். ஷார்ப் (நோட்டை அரைப்படி, அதாவது அடுத்த கட்டைக்கு, ஏற்றும் குறி), ஃப்ளாட் (அதே அளவு இறக்கும் குறி) எதுவும் இல்லாத பக்கத்தைக் கொடுத்தால் தட்டுத் தடுமாறி வாசித்துவிடுவேன். வரியின் தலையில் கீ சிக்னேச்சர் என்று மூன்று ஷார்ப் உட்கார்ந்துவிட்டால் அவ்வளவுதான். இரண்டாவது வரி தாண்டுவதற்குள் எது ஷார்ப், எது இல்லை என்று குழம்பிவிடுகிறது. ஷார்ப் ஆக வேண்டிய நோட்டுக்குப் பக்கத்திலேயே அந்தக் குறியைப் போட்டுவிட்டால் என்ன கெட்டுப்போகும்? கையால் நகல் எடுத்த காலத்தில் வேலை மிச்சம் பிடிக்கச் செய்த ஏற்பாடு இது என்பது என் கட்சி. கணினியில் அச்சடிக்கும் காலத்தில் இன்னும் எதற்கு? மறுக்க முடிந்தவர்கள் மறுக்கலாம்.

3 செப்டம்பர் 2022, இரவு

மறுக்கிறேன்.

ஈ மேஜர் ஸ்கேலை (ஏ முதல் ஜி வரையுள்ள ஏழு நோட்டுப் பெயர்களில் ஈ-யை ச-வாக வைத்த சங்கராபரண வரிசை) இரண்டு ஆக்டேவுக்கு (ஸ்தாயிக்கு) மேலே ஏற்றி எழுதிப் பாருங்கள், நீங்கள் கேட்டபடியே ஒவ்வொன்றுக்கும் குறி போட்டு. 15 நோட்டில் 8-க்கு ஷார்ப் வரும். வரி முழுக்க முள்வேலி போட்ட மாதிரி இருக்கும். இப்போது இசையமைத்தவர் நடுவில் ஓர் ஏ ஷார்ப்பை வைக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஸ்கேலில் இல்லாத நோட் அது. பாட்டு வேறு பக்கம் திரும்பப் போகிறது என்று காதுக்குச் சொல்ல வந்தது. எட்டோடு ஒன்பதாகக் கூட்டத்தில் கரைந்துவிடும். கீ சிக்னேச்சர் இருந்தால் அந்த வரியில் ஒரே ஒரு குறிதான் இருக்கும், அது அந்த ஏ ஷார்ப். கண் தானாக அங்கே போய் நிற்கும்.

எதிர்பார்ப்பதை எல்லாம் தலையிலேயே சொல்லி முடித்துவிட்டால், பக்கத்துக்குள் வருகிற குறி ஒவ்வொன்றும் செய்தி. மை மிச்சமானது கூடக் கிடைத்த லாபம்.

4 செப்டம்பர் 2022

நேற்று எழுதியது ஏன் என்பதற்கு. மறந்துபோகிறதே, அதற்கு இது.

மூன்று ஷார்ப்பை மூன்று தனித்தனித் தகவலாகப் பிடித்துவைக்கப் பார்க்கிறீர்கள். எஃப் வந்தால் கறுப்புக் கட்டை, சி வந்தால் கறுப்பு, ஜி வந்தால் கறுப்பு. வாசிக்கிற வேகத்தில் ஒவ்வொரு நோட்டையும் நிறுத்தி இப்படி விசாரித்துக்கொண்டிருந்தால் யாருக்குமே கட்டுப்படியாகாது. அந்த மூன்று ஷார்ப்பும் சேர்ந்து சொல்வது ஒரே சங்கதிதான்: ச இங்கே ஏ-யில் இருக்கிறது. எஃப் ஷார்ப்பிலும் இருக்கலாம், அதைப் பிறகு பார்ப்போம்.

ச எங்கே என்று தெரிந்துவிட்டால் மற்ற ஆறும் தாமாக வந்து உட்காரும். ஏ-யைப் பிடித்துக்கொண்டு சங்கராபரணத்தில் சரிகமபதநிச பாடச் சொன்னால் நீங்கள் எஃப் ஷார்ப், சி ஷார்ப் என்றெல்லாம் யோசிக்கவா போகிறீர்கள்? தொண்டை செய்வதை விரலும் செய்யும், விட்டுக்கொடுத்தால்.

புதுப் பக்கம் வந்தால் முதல் நோட்டைத் தொடாதீர்கள். அந்த ஸ்கேலை ஒரு தடவை ஏறி இறங்குங்கள். பிறகு ச-க-ப மூன்றையும் சேர்த்து ஒரே நேரத்தில் அழுத்தி ஒரு கார்டு. பிறகு நி-ச, நி-ச என்று இரண்டு தடவை. அரை நிமிட வேலை. அப்புறம் பாருங்கள், கை அந்த மூன்று கறுப்புக் கட்டைகளின் மேலேயே உட்கார்ந்திருக்கும். எஃப் கோட்டைப் பார்த்தால் வெள்ளைக் கட்டைக்குப் போவதுதான் சிரமமாக இருக்கும்.

4 செப்டம்பர் 2022, சற்று நேரம் கழித்து

விட்டுப்போனது ஒன்று. தலையில் எஃப் கோட்டில் இருக்கும் ஷார்ப் அந்த ஒரு கோட்டுக்கு மட்டும் அல்ல, எல்லா ஆக்டேவிலும் உள்ள எஃப்-க்கும். பக்கத்துக்குள் தனியாக வருகிற குறிக்குச் சட்டம் வேறு: அந்த ஆக்டேவில் மட்டும், அந்த பார் (இரண்டு குத்துக்கோட்டுக்கு நடுவே உள்ள பகுதி) முடியும்வரை மட்டும். டை (ஒரே நோட்டை நீட்டும் வளைகோடு) போட்டு அடுத்த பாருக்குள் நீண்டால் அந்த நீட்சிக்கும் செல்லும், அதோடு சரி. இரண்டையும் கலந்துகொண்டால் பேஸ் கிளெஃபில் (தாழ்ந்த நோட்டுகளுக்கான ஸ்டாஃபில்) கீழே கிடக்கும் எஃப் எப்போதும் வெள்ளையாகவே ஒலிக்கும்.

7 செப்டம்பர் 2022

"எது எது ஷார்ப் என்று தெரிந்துகொள்ள ஒவ்வொரு தடவையும் கோட்டை எண்ண வேண்டுமா?" என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார்.

எண்ணவே வேண்டாம். வரிசை மாறாது. எஃப் சி ஜி டி ஏ ஈ பி. ஒரு ஷார்ப் என்றால் அது எஃப். இரண்டு என்றால் எஃப்பும் சி-யும். ஜி மட்டும் ஷார்ப் ஆகி எஃப் சும்மா இருக்கும் கீ சிக்னேச்சர் வழக்கத்தில் கிடையாது. ஃப்ளாட்டுக்கு அதையே பின்னாலிருந்து: பி ஈ ஏ டி ஜி சி எஃப். இதை நினைவில் வைக்க வாக்கியங்கள் புழங்குகின்றன. எனக்கு ஒத்துவரவில்லை. வாக்கியத்தை ஞாபகப்படுத்தி, முதலெழுத்தைப் பிரித்து, எண்ணி முடிப்பதற்குள் பாட்டு நான்கு பார் தாண்டியிருக்கும். ஏழு எழுத்தை முன்னும் பின்னுமாக வாயில் போட்டு உருட்டுவதே மேல்.

ஏன் இந்த வரிசை என்பதைக் கட்டையில் கை வைத்தே பார்த்துவிடலாம். சி-யிலிருந்து வெள்ளைக் கட்டைகளை மட்டும் வாசித்தால் முழு முழு அரை, முழு முழு முழு அரை (கறுப்பையும் சேர்த்து அடுத்த கட்டை அரைப்படி, ஒன்றைத் தாண்டினால் முழுப்படி). அரைப்படி விழும் இடம் இரண்டுதான்: ஈ-க்கும் எஃப்-க்கும் நடுவே, பி-க்கும் சி-க்கும் நடுவே. இப்போது ச-வைத் தூக்கி ப இருந்த இடத்தில், அதாவது ஜி-யில், வையுங்கள். ஜி ஏ பி சி டி ஈ வரைக்கும் பிசகே இல்லை. அடுத்து முழுப்படி வர வேண்டிய இடத்தில் ஈ-எஃப் அரைப்படியாக நிற்கிறது. கடைசியில் அரைப்படி வேண்டிய இடத்தில் எஃப்-ஜி முழுப்படியாக நிற்கிறது. எஃப்பை ஓர் அரைப்படி மேலே தள்ளுங்கள். இரண்டு கோணலும் ஒரே தட்டில் நேராகிவிடும். ஏழில் மாறியது ஒன்றுதான், அதுவும் நி.

ஜி-யின் ப எது? டி. அங்கே போனாலும் நி மட்டும் இடிக்கும், சி ஷார்ப் ஆகும், பழைய எஃப் ஷார்ப் அப்படியே கூட வரும். இப்படி ஒவ்வொரு தடவை ப-வுக்குத் தாவும்போதும் ஒரு ஷார்ப் கூடும், கூடுவது எப்போதும் நி-தான். "கடைசி ஷார்ப்புக்கு அரைப்படி மேலே ச" என்று எல்லாரும் சொல்லித் தரும் சூத்திரம் இதிலிருந்து வந்ததுதான். மூன்று ஷார்ப், கடைசி ஜி ஷார்ப், அதற்கு மேலே ஏ. ஆயிற்று.

ஃப்ளாட் பக்கம் ம-வுக்குத் தாவல். சி-யின் ம எஃப். எஃப்பிலிருந்து ஏறினால் இந்தத் தடவை ம இடிக்கும், பி ஃப்ளாட் ஆகும். புதிதாகச் சேரும் ஃப்ளாட் எப்போதும் ம. அதனால் கடைசிக்கு முந்தைய ஃப்ளாட் எதுவோ அதுவே ச. பி, ஈ, ஏ மூன்றும் ஃப்ளாட் என்றால் ஈ ஃப்ளாட் மேஜர். ஒற்றை ஃப்ளாட்டுக்கு முந்தையது என்று ஒன்று இல்லாததால், எஃப் மேஜரை மட்டும் முகம் பார்த்துத் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும்.

9 செப்டம்பர் 2022

கணக்குப் பிரியர்களுக்கு. ஏ மேஜருக்கு 3 ஷார்ப், ஏ ஃப்ளாட் மேஜருக்கு 4 ஃப்ளாட். டி-க்கு 2, டி ஃப்ளாட்டுக்கு 5. ஈ-க்கு 4, ஈ ஃப்ளாட்டுக்கு 3. கூட்டினால் எப்போதும் 7.

மாயம் ஒன்றும் இல்லை. ஏ மேஜரின் ஏழு நோட்டையும் அரைப்படி இறக்குங்கள். ஷார்ப் ஆக இருந்த மூன்றும் ஷார்ப்பை இழந்து சாதாரணமாகும். மிச்சம் நான்கும் ஃப்ளாட் ஆகும். ஏழு பேர், ஆளுக்கு ஒரு அரைப்படி.

இதே குடும்பத்தில் இன்னொன்று: ஒரே ச-வில் மேஜரிலிருந்து மைனருக்குப் போனால் மூன்று படி ஃப்ளாட் பக்கம் நகரும். ஏ மேஜர் 3 ஷார்ப், ஏ மைனர் ஒன்றுமில்லை. சி மேஜர் ஒன்றுமில்லை, சி மைனர் 3 ஃப்ளாட். டி மேஜர் 2 ஷார்ப், டி மைனர் 1 ஃப்ளாட். க, த, நி மூன்றும் இறங்குவதால்.

15 செப்டம்பர் 2022

தள்ளிப்போட்டதை இன்று எடுக்கிறேன். மூன்று ஷார்ப் என்றால் ஏ மேஜரா, எஃப் ஷார்ப் மைனரா?

கீ சிக்னேச்சரைப் பார்த்து மட்டும் சொல்ல முடியாது. இரண்டுக்கும் சரக்கு ஒன்றுதான், எங்கே வந்து உட்காருகிறது என்பதில்தான் வித்தியாசம். சாதாரணமாக எல்லாரும் கடைசி பாரில் பேஸ் நோட்டை, அதாவது அடியில் ஒலிக்கும் நோட்டை, பார்க்கச் சொல்வார்கள். அது முக்கால்வாசி நேரம் வேலை செய்யும். நான் அதற்கு முன்னால் இன்னொன்றைத் தேடுவேன். மைனரில் எழுதுகிறவர்கள் நி-யை அரைப்படி தூக்கி ச-வுக்குப் பக்கத்தில் கொண்டுவருவார்கள், அந்தத் தூக்கல் கீ சிக்னேச்சரில் இருக்காது, பக்கத்துக்குள் குறியாக வந்தே தீரும். ஒரு ஃப்ளாட் போட்ட பக்கத்தில் சி ஷார்ப் திரும்பத் திரும்பத் தலைகாட்டினால் அது டி மைனர். இரண்டு ஃப்ளாட்டோடு எஃப் ஷார்ப் வந்தால் ஜி மைனர். ஒரு ஷார்ப்போடு டி ஷார்ப் வந்தால் ஈ மைனர். மூன்று ஷார்ப்போடு ஈ ஷார்ப்பைக் கண்டால் எஃப் ஷார்ப் மைனர்.

முதல் நாள் சொன்ன "உள்ளே வரும் குறி செய்தி" என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம்.

15 செப்டம்பர் 2022, மாலை

"ஈ ஷார்ப்பும் எஃப்பும் ஒரே வெள்ளைக் கட்டைதானே, எஃப் என்றே எழுதித் தொலைக்கக் கூடாதா?" எதிர்பார்த்த கேள்விதான், இவ்வளவு சீக்கிரம் எதிர்பார்க்கவில்லை.

எழுதிப் பாருங்கள். எஃப் ஷார்ப் மைனரில் நி-யும் ச-வும் அடுத்தடுத்து வரும் இடம் ஏராளம். நி-யை எஃப் என்று எழுதினால் இரண்டுக்கும் ஒரே கோடு. எஃப் நேச்சுரல் (ஷார்ப்பை ரத்து செய்யும் குறி), எஃப் ஷார்ப், எஃப் நேச்சுரல், எஃப் ஷார்ப் என்று ஒரே கோட்டில் குறிகள் மாறி மாறி வரும். ஈ ஷார்ப் என்று எழுதினால் இடைவெளியில் ஒன்று, கோட்டில் ஒன்று, கண்ணுக்கு ஏறுவது ஏறுவதாகவே தெரியும்.

ஒரே கீ சிக்னேச்சரில் ஷார்ப்பும் ஃப்ளாட்டும் கலந்து வராததற்கும் காரணம் இதுவேதான். எஃப் மேஜரில் பி ஃப்ளாட்டுக்குப் பதில் ஏ ஷார்ப் போட்டால் எஃப், ஜி, ஏ, ஏ ஷார்ப், சி. ஏ-க்கு இரட்டை வேலை, பி-க்கு விடுமுறை. ஏழு எழுத்துக்கும் ஆளுக்கு ஓர் இடம் என்று வைத்தால் இந்தச் சண்டையே வராது.

2 அக்டோபர் 2022

கொஞ்சம் விலகிப் போகிறேன். இழை என்றால் அப்படித்தான்.

சங்கராபரணத்தை உதாரணம் காட்டியதும் ஒருவர் பிடித்துக்கொண்டார். 72 மேளகர்த்தாக்களையும் (ஏழு சுரமும் உள்ள தாய் ராகங்களையும்) இப்படி ஏதாவது ஒரு கீ சிக்னேச்சரில் அடைத்துவிடலாமா என்று கேட்கிறார். கமகத்தை (சுரத்தின் அசைவை) எழுத்தில் பிடிக்க முடியாது என்ற பழைய வழக்கை விட்டுவிடுவோம். வெறும் சுவரஸ்தானத்தை மட்டும் எடுத்துக்கொண்டாலும் அடைபடுவது ஆறே ஆறு: தோடி, நடபைரவி, கரகரப்பிரியா, அரிகாம்போதி, சங்கராபரணம், கல்யாணி. வெள்ளைக் கட்டைகளை மட்டும் வைத்துக்கொண்டு ச-வை இடம் மாற்றிக்கொண்டே போனால் கிடைப்பவை இவை. சி-யில் தொடங்கினால் சங்கராபரணம், டி-யில் கரகரப்பிரியா, ஈ-யில் தோடி, எஃப்பில் கல்யாணி, ஜி-யில் அரிகாம்போதி, ஏ-யில் நடபைரவி. பி-யில் தொடங்கினால் சுத்தமான ப கிடைக்காது, அதனால் அது மேளகர்த்தா ஆகாது.

மிச்சம் 66-க்கும் வழக்கமான கீ சிக்னேச்சர் கிடையாது. வேடிக்கை என்னவென்றால், கர்நாடக சங்கீதத்தில் குழந்தைகள் முதல் பாடமாகப் படிக்கும் மாயாமாளவகௌளையும் அந்த 66-இல்தான் இருக்கிறது. சி-யை ச-வாக வைத்தால் அதில் ஃப்ளாட் ஆவது டி-யும் ஏ-யும். ஃப்ளாட் வரிசையோ பி, ஈ, ஏ, டி என்று போகிறது. முதல் இரண்டையும் விட்டுவிட்டு அடுத்த இரண்டை மட்டும் போட வரிசை இடம் தராது. ஒன்று, தலையில் எதுவும் போடாமல் உள்ளே குறி போட வேண்டும். இல்லாவிட்டால் வழக்கத்தை மீறித் தலையிலேயே அந்த இரண்டை மட்டும் போட வேண்டும். நான் என் உபயோகத்துக்கு எழுதும்போது இரண்டாவதைத்தான் செய்கிறேன். மேற்கத்திய முறையில் தேர்ந்த ஒருவரிடம் அந்தத் தாளைக் கொடுத்தபோது அவர் எதிலோ காப்பி அடித்ததில் இரண்டு ஃப்ளாட் விட்டுப்போயிருக்கிறது என்று நினைத்து, பென்சிலால் பி-யையும் ஈ-யையும் சேர்த்துத் திருப்பித் தந்தார்.

இதில் பயனுள்ள துண்டு ஒன்று உண்டு. ஒரு ஷார்ப் போட்ட பக்கம் ஜி-யில் முடியாமல் சி-யிலேயே வந்து வந்து நின்றால் பதறாதீர்கள், அது கல்யாணி. மேற்கத்தியர்கள் லிடியன் என்பார்கள். மேலே மேஜரா மைனரா என்று இரண்டு கதவு மட்டும் காட்டினேன். கதவுகள் அதற்கு மேலும் உண்டு.

11 அக்டோபர் 2022

கேள்வி கேட்டவர் பக்கம் ஒரு மதிப்பெண் போடுகிறேன். அவர் ஆசைப்பட்ட முறை உலகத்தில் இருக்கிறது. ஆர்கெஸ்ட்ராவில் ஃப்ரெஞ்ச் ஹார்ன் வாசிப்பவர்களின் பழைய தாள்களை எடுத்துப் பார்த்தால் தலையில் கீ சிக்னேச்சரே இருக்காது. ஷார்ப், ஃப்ளாட் எல்லாம் அங்கங்கே நோட்டுக்குப் பக்கத்தில்.

காரணம் கேட்டால் மதிப்பெண் திரும்ப என் பக்கம் வந்துவிடும். வால்வு இல்லாத காலத்தில் ஹார்னின் சுருதியை மாற்ற வேண்டுமென்றால் குழாயில் வேறு நீளத் துண்டைச் செருக வேண்டும். பாட்டு டி-யில் என்றால் டி துண்டு, ஈ ஃப்ளாட் என்றால் ஈ ஃப்ளாட் துண்டு. தாளில் எப்போதும் சி. ச எங்கே என்பதைத் துண்டே பார்த்துக்கொண்டது, தாள் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வால்வு வந்த பிறகும் பழக்கம் போகவில்லை.

20-ஆம் நூற்றாண்டில் ச என்ற ஒன்றே வேண்டாம் என்று எழுதினவர்களும் கீ சிக்னேச்சரைக் கைவிட்டு ஒவ்வொரு நோட்டுக்கும் குறி போட்டார்கள். ச இல்லாத வீட்டுக்கு முகவரிப் பலகை எதற்கு?

20 நவம்பர் 2022

கிளாரினெட் வாசிக்கும் நண்பர் ஒருவரோடு சேர்ந்து வாசிக்க உட்கார்ந்தேன். என் தாளில் ஒரு ஷார்ப், அவர் தாளில் மூன்று. பாட்டு ஒன்றுதான். பி ஃப்ளாட் கிளாரினெட்டில் சி என்று எழுதியிருப்பதை வாசித்தால் பி ஃப்ளாட் ஒலிக்கும், எழுதியதைவிட ஒரு முழுப்படி கீழே. அதை ஈடுகட்ட அவர் தாளை ஒரு முழுப்படி மேலே எழுதுவார்கள். நான் ஜி மேஜர், அவர் ஏ மேஜர். எப்போதும் என்னைவிட இரண்டு ஷார்ப் கூட, அல்லது இரண்டு ஃப்ளாட் குறைவு. ஆல்ட்டோ சாக்ஸஃபோன் என்றால் மூன்று.

இதெல்லாம் தெரிந்தும் ஐந்தாவது பாரில் மாட்டிக்கொண்டோம். "அந்த எஃப் ஷார்ப் சற்றுக் கீழே இருக்கிறது, தூக்குங்கள்" என்கிறேன். அவர் அவருடைய எஃப் ஷார்ப்பைத் தூக்குகிறார், அது எனக்கு ஈ. "அது இல்லை." "எஃப் ஷார்ப்தானே சொன்னீர்கள்?" "எஃப் ஷார்ப்தான்." "இதோ எஃப் ஷார்ப்." சண்டை முற்றுவதற்குள் நான் "நி, நி-யைத் தூக்குங்கள்" என்றேன். அவர் தாளில் நி ஜி ஷார்ப், என் தாளில் எஃப் ஷார்ப், காற்றில் ஒன்று. அதற்குப் பிறகு அன்று முழுக்க எழுத்துப் பெயரை இருவரும் வாயில் எடுக்கவில்லை.

4 டிசம்பர் 2022

"குறி அதிகம் என்றால் கஷ்டம்" என்ற எண்ணம் இந்த இழையில் ஆரம்பத்திலிருந்தே ஓடுகிறது, என் பதிவுகளிலும் சேர்த்து. அதை இப்போது சந்தேகிக்கிறேன். படிக்கும் கண்ணுக்கு சி மேஜர் எளிது, வாசிக்கும் கைக்கு அல்ல. எல்லாக் கட்டையும் ஒரே மட்டத்தில் கிடக்க, கட்டைவிரல் எங்கே அடியில் நுழைய வேண்டும் என்று கைக்குப் பிடிமானமே இருக்காது. ஐந்து ஷார்ப் உள்ள பி மேஜரில் நீண்ட மூன்று விரல்களும் கறுப்பின் மேல், குட்டைகள் வெள்ளையில். பியானோ மேதை ஷோப்பன் தன் மாணவர்களுக்கு முதலில் பி மேஜர் ஸ்கேலைத்தான் கொடுத்தார், சி மேஜரைக் கடைசிக்குத் தள்ளினார்.

கண்ணுக்கும் ஓர் எல்லை உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். பேத்தோவன் 1802-இல் வெளியிட்ட "மூன்லைட்" சொனாட்டாவின் (பல பகுதிகள் கொண்ட வாத்தியப் படைப்பின்) முதல் பகுதி சி ஷார்ப் மைனர், 4 ஷார்ப். இரண்டாவது பகுதியை அதே ச-வில் மேஜராக்கினால் சி ஷார்ப் மேஜர், 7 ஷார்ப் போட வேண்டும். அவர் டி ஃப்ளாட் மேஜர் என்று 5 ஃப்ளாட்டில் எழுதிவிட்டார். கட்டை அதேதான். பாக் 1722-இல் தொகுத்த 24 பிரிலூட்-ஃபியூக் ஜோடிகளில் (முன்னுரைத் துண்டு ஒன்று, ஒரே மெட்டைப் பல குரல்கள் துரத்தும் துண்டு ஒன்று) ஒரு ஜோடி இன்னும் வேடிக்கை: பிரிலூட் ஈ ஃப்ளாட் மைனர், 6 ஃப்ளாட், அதோடு சேர்ந்த ஃபியூக் டி ஷார்ப் மைனர், 6 ஷார்ப். தாளைத் திருப்பினால் உலகமே மாறியது போல இருக்கும், விரலைப் பார்த்தால் இருந்த இடத்திலேயே இருக்கும்.

8 ஜனவரி 2023

கடைசி பேஸ் நோட் "முக்கால்வாசி நேரம்" வேலை செய்யும் என்றேன், மிச்சக் கால்வாசி எங்கே என்று கேட்டிருக்கிறீர்கள்.

பழைய தாள்கள் ஒரு வகை. பாக் 1720-இல் கைப்பட எழுதிய தனி வயலின் சொனாட்டாக்களில் முதலாவது ஜி மைனர். இன்றைய வழக்கப்படி 2 ஃப்ளாட் வேண்டும், அவர் போட்டது 1. ஈ ஃப்ளாட்டை உள்ளே தேவைப்படும் இடத்தில் தனியாகப் போட்டுக்கொண்டார். அந்தக் காலத்தில் இது சகஜம். ஒரு ஃப்ளாட்டைப் பார்த்து "எஃப் மேஜர் அல்லது டி மைனர்" என்று சூத்திரம் சொல்லும், காது ஜி என்று சொல்லும். காது சொல்வதைக் கேளுங்கள்.

இசையமைப்பாளர் பார்டோக் இன்னொரு வகை. 1908-இல் எழுதிய பகடெல் (குட்டித் துண்டு) வரிசையின் முதல் துண்டில் வலது கைக்கு 4 ஷார்ப், இடது கைக்கு 4 ஃப்ளாட். ஒரே பக்கத்தில், ஒரே நேரத்தில். அங்கே என் சூத்திரங்கள் எல்லாம் மூட்டை கட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

26 பிப்ரவரி 2023

பென்சில் விவாதம். மறந்துபோகும் நோட்டுக்கு மேலே தாளில் ஷார்ப் எழுதிவைக்கலாமா? எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் கூடவே கூடாது என்பவர். வெகுநாள் நானும் அதே கட்சி. எல்லாவற்றுக்கும் எழுதிவிட்டால் கண் தலையைப் பார்ப்பதையே நிறுத்திவிடும், நாம் முதலில் பேசிய முள்வேலி கையெழுத்தில் திரும்ப முளைக்கும்.

இப்போது கொஞ்சம் இளகிவிட்டேன். ஒரே இடத்தில் மறுபடி மறுபடி விழுந்தால் அந்த ஓர் இடத்தில் எழுதுங்கள். பெரும்பாலும் அது வரிசையில் கடைசியாகச் சேர்ந்த குறியாகத்தான் இருக்கும். ஏ மேஜரில் நழுவுவது ஜி ஷார்ப், ஈ மேஜரில் டி ஷார்ப். எஃப் ஷார்ப் எல்லா ஷார்ப் கீயிலும் கூடவே வருவதால் பழகிப்போய்விடும், புதிதாகச் சேர்ந்ததற்குத்தான் பழக்கம் குறைவு. அதுவோ நி, நழுவினால் சபைக்கே தெரியும். அதனால்தான் ஸ்கேலுக்குப் பிறகு நி-ச, நி-ச என்று தனியாக வாசிக்கச் சொன்னேன். ஃப்ளாட் பக்கம் ம-வைக் கவனியுங்கள்.

இன்னொரு கண் பழக்கம். குறிகள் ஸ்டாஃபில் உட்காரும் உயரம் நிலையானது. ட்ரெபிள் கிளெஃபில் (உயர்ந்த நோட்டுகளுக்கான ஸ்டாஃபில்) ஷார்ப்புகள் எஃப் மேல்கோட்டில், சி மூன்றாம் இடைவெளியில், ஜி கோடுகளுக்கு மேலே, டி நான்காம் கோட்டில், ஏ கீழே இரண்டாம் இடைவெளியில் என்று போகும். பேஸ் கிளெஃபில் அதே வடிவம் ஒரு கோடு கீழே இறங்கி நிற்கும். நாளடைவில் எண்ணிக்கை போய் வடிவம் மட்டும் நிற்கும். நான்கு ஷார்ப்பை இப்போது நான் எண்ணுவதில்லை, அந்தக் கூட்டத்தின் முகத்தைப் பார்த்தால் ஈ என்று தெரிகிறது.

27 பிப்ரவரி 2023

கேள்வி கேட்டவர் தனியாக எழுதியிருந்தார். டி-யும் ஏ-யும் வசப்பட்டுவிட்டனவாம், ஏ ஃப்ளாட் இன்னும் முறைக்கிறதாம். முறைக்கட்டும். "ஆனாலும் மை மிச்சம் பிடிக்கத்தான் செய்தார்கள்" என்ற கடைசி வரியை மட்டும் விடவில்லை.

19 மார்ச் 2023

பாட்டின் நடுவில் கீ மாறினால் என்ன செய்வது என்ற கேள்விக்கு. இரட்டைப் பார் கோடு வரும், அதற்கு அடுத்து புதிய கீ சிக்னேச்சர். அதுவரை இருந்தது அந்த நொடியோடு ரத்து. பழைய அச்சுகளில் ரத்தாகும் ஷார்ப்புகளுக்கு முதலில் நேச்சுரல் குறி போட்டுவிட்டுப் பிறகு புதியதைப் போடுவார்கள். இப்போது பெரும்பாலும் நேரடியாகப் புதியதுதான். சி மேஜருக்கோ ஏ மைனருக்கோ மாறும்போது மட்டும் நேச்சுரல்களைத் தவிர்க்க முடியாது, போட வேறு எதுவும் இல்லையே. மாற்றம் அடுத்த வரியின் தொடக்கத்தில் விழுந்தால், இந்த வரியின் கடைசி பார் கோட்டுக்கு அப்பால் ஒரு கீ சிக்னேச்சர் தனியாகத் தொங்கும். அச்சுப் பிழை அல்ல, முன்னறிவிப்பு. கண் வரி தாவுவதற்குள் கையை இடம் மாற்றிக்கொள்ளலாம்.